எப்போதும்வென்றான் மண்டபத்தில் கத்திய கேஸ் அலாரம்

குலசாமி கோயிலில் காதுகுத்து வைக்கக் கோவில்பட்டிப் பக்கம் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு மண்டபம் பிடியுங்கள். கோயிலைப் பற்றி எழுத நினைத்த பதிவு இது. இப்போது அதற்கு மனம் வரவில்லை.

போன மாசியில் என் மகளுக்குக் காதுகுத்து. மதுரையிலிருந்து ரயிலில் வந்து காலை 6.20க்குக் கோவில்பட்டியில் இறங்கினோம். பதினான்கு பேருக்கு வேன் வாடகை 2,200 ரூபாய். எட்டயபுரம் வழியாக எப்போதும்வென்றான் சுமார் முப்பது கிலோமீட்டர். வழியில் டீ குடித்தும் 7.30க்கு மண்டபம் சேர்ந்துவிட்டோம்.

சமையலுக்கு நாகலாபுரத்திலிருந்து மாரியம்மாள் வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். சமையலறைச் சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கேஸ் டிடெக்டர் ஒன்று பிளக்கில் மாட்டியிருந்தது. பத்தரை மணிக்கு அது கத்த ஆரம்பித்தது. சிவப்பு விளக்கு, விடாத சத்தம்.

மண்டபத்தில் ஆசாரி ஊசியை எடுத்த நேரம். சத்தத்தில் குழந்தை மிரண்டு அழுதாள். எரிச்சலோடு சமையலறைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, கேஸ் வாடை அடிக்கி. அடுப்பெல்லாம் அணைச்சிட்டேன். ஆளக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்லுதீயளா?" என்றார் மாரியம்மாள்.

சாம்பிராணிப் புகையில் நின்றுவிட்டு வந்த எனக்கு வாடை தெரியவில்லை. குனிந்து பிளக்கைப் பிடுங்கினேன். "தாளிப்புக்கே இது கத்தும்மா. ஃபேனைப் போட்டுட்டு வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அவர் எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சைத் தட்டினார். நான் இன்னும் மண்டபத்து நாற்காலிவரைகூடப் போகவில்லை. குப்பென்று சமையலறையில் தீப்பிடித்த சத்தம். வேன் டிரைவர்தான் ஈரச் சாக்கோடு ஓடி அவரை வெளியே இழுத்தார். முகம் லேசாகவும் இரண்டு கைகளும் மோசமாகவும் வெந்திருந்தன. அதே வேனில் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நாற்பத்தைந்து நிமிடம்.

சமையல்காரி அடுப்பைச் சரியாக மூடவில்லை என்று மண்டபக்காரர் போலீசில் சொல்லிவிட்டார். "நீங்க எதுக்கு வாயக் குடுக்கீய?" என்று மச்சான் என்னைத் தடுத்தார். இரண்டு நாள் நானும் பேசாமல்தான் இருந்தேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் மாரியம்மாள் கேட்டார்: "அணைச்சிட்டேன்னு நான் சொல்லுதத ஒருத்தரும் நம்பல. நீங்க பக்கத்துலதான நின்னிய?"

அன்று மதியமே ஸ்டேஷனுக்குப் போய், அடுப்பை அணைத்துவிட்டதாக அவர் அப்போதே சொன்னார், பிளக்கைப் பிடுங்கியதும் ஃபேனைப் போடச் சொன்னதும் நான்தான் என்று எழுதிக் கொடுத்தேன். அவர்மேல் இருந்த பழி போயிற்று. வலது கைவிரல்கள் மடங்கவில்லை. இனி அவரால் கரண்டி பிடிக்க முடியாது. ஐப்பசியில் பார்க்கப் போனபோது, அவர் மகள் வாசலிலேயே சொல்லிவிட்டாள்: "அம்மா யாரையும் பாக்க மாட்டாவ."

மண்டபம் பிடித்தால் முதலில் அந்த டிடெக்டர் பெட்டியைப் பாருங்கள். பொதுவாகப் பச்சை எரிந்தால் வேலை செய்கிறது. மஞ்சள் மின்னி விட்டுவிட்டுக் கத்தினால் கருவியில் கோளாறு, மாற்றச் சொல்லுங்கள். சிவப்போடு விடாமல் கத்தினால் கேஸ் கசிகிறது. எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். பிளக்கையும் தொடாதீர்கள், பிடுங்கும்போது பறக்கும் பொறியே தீப்பிடிக்கப் போதும். கைக்கெட்டினால் சிலிண்டர் வால்வை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரையும் வெளியேற்றிவிட்டு, வெளியே நின்று கேஸ் ஏஜென்சிக்கோ தீயணைப்புக்கோ ஃபோன் செய்யுங்கள். சத்தம் நின்றாலும், ஆள் வந்து பார்க்கும்வரை உள்ளே போகாதீர்கள்.

இவ்வளவும் அந்தப் பெட்டியின் மேலேயே தமிழில் ஒட்டியிருந்தது. குனிந்தபோது என் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. நான் படிக்கவில்லை.