காப்பிச் சத்தம்

எங்கள் வீட்டுப் பெர்குலேட்டரின் மூடி உச்சியில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கண்ணாடிக் குமிழ் உண்டு. அடியில் கொதிக்கிற தண்ணீர் நடுக்குழாய் வழியாக மேலேறி, அந்தக் குமிழில் முட்டி, கீழே சல்லடைக் கிண்ணத்தில் இருக்கும் காப்பித்தூள் மேல் விழும். இறங்கியது மறுபடி கொதிக்கும், மறுபடி ஏறும். குமிழுக்குள் முதலில் வெறும் தண்ணீர் தெரியும், கொஞ்ச நேரத்தில் அது தேன் நிறமாகும், பிறகு மழை நனைத்த கரிசல் மண்ணின் நிறத்துக்கு வரும். அப்போது அடுப்பை அணைக்க வேண்டும். நிறம் பார்ப்பதற்கென்றே செய்தவன் கண்ணாடி வைத்திருக்கிறான். ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பாத்திரத்தைக் கட்டி ஆண்டவளுக்குக் கண் தெரியாது.

அவள் என் ஓரகத்தி, கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்குப் பிறந்த ஊர் எப்போதும்வென்றான், எனக்குப் புதியம்புத்தூர். அண்ணன் தம்பி இருவருக்கும் கோவில்பட்டியில் உளுந்து, பாசிப்பயறு வாங்கி விற்கிற ஒரே கடை. எங்கள் இருவருக்கும் ஒரே அடுப்பு. ஒரே அடுப்பில் இரண்டு பெண்கள் இருபத்தைந்து வருஷம் சமைத்தோம் என்றால் அது எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. குழம்புக்குப் புளி கூடினால் நான் கெட்ட பெயரெடுப்பேன், ரசம் மணத்தால் அவள் பெயரெடுப்பாள். எனக்கு வாய் நீளம். அவள் பதில் பேச மாட்டாள், அதுவே எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பும். ஆனால் காப்பி விஷயத்தில் மட்டும் நான் வாலைச் சுருட்டிக்கொள்வேன். வீட்டாருக்குக் காலையில் கருப்பட்டிக் காப்பி, வந்தவர்களுக்குப் பால் காப்பி, இரண்டும் அவள் கைதான். வந்த வருஷமே நான் ஒருதரம் போட்டுப் பார்த்தேன். என் மாமனார் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "மூத்தவ ஊர்ல இல்லையா?" என்று கேட்டார். அதோடு விட்டுவிட்டேன்.

ஐம்பத்தைந்து வயதில் சர்க்கரை அவள் கண்ணில் கை வைத்தது. மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் கூட்டிக்கொண்டு அலைந்தோம். ஒரு வருஷத்துக்குள் இடது கண்ணும், அடுத்த வருஷம் வலது கண்ணும் போயின. அப்போதும் பழக்கத்தில் பில்டரில் வெந்நீர் ஊற்றப் போனாள். பாதித் தண்ணீர் மணிக்கட்டில் விழுந்து தோல் உரிந்துவிட்டது. சர்க்கரைக்காரிக்குப் புண் ஆறுமா? இரண்டு மாதம் கட்டுப் போட்டோம். அன்றைக்கு நான் சட்டம் போட்டேன். "அக்கா, இனிமே அடுப்புப் பக்கம் நீங்க வரப்படாது. எது வேணும்னாலும் என்னைக் கூப்பிடுங்க." வீட்டில் எல்லோரும் நான் சொன்னதுதான் சரி என்றார்கள். நானும் அதை அன்பு என்றுதான் நினைத்தேன். அன்பு இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அடுக்களை கடைசியில் என் கைக்கு வந்ததே என்று மனசின் ஒரு மூலையில் நிம்மதியும் இருந்தது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு அக்கா பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அடுக்களை வாசலில் உட்கார்ந்திருப்பாள். நான் போட்டுக் கொடுக்கும் காப்பியை ஒரு குறையும் சொல்லாமல் குடிப்பாள். குறை சொல்லியிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். ஒருநாள் மட்டும், உளுந்து புடைத்துக்கொண்டிருந்த என்னிடம் மெல்லக் கேட்டாள். "ஏட்டி, வீட்டுக்கு வந்தவியளுக்கு என் கையால ஒரு வாய்க் காப்பி குடுக்க முடியலையே. அப்புறம் நான் இங்கன எதுக்கு இருக்கேன்?" நான் காதில் விழாதது மாதிரி முறத்தைத் தட்டினேன்.

பெர்குலேட்டர் கனடாவில் இருக்கும் அவள் மகன் லீவில் வந்தபோது கொண்டுவந்தது. பெட்டியைப் பிரிக்காமலே பரணில் கிடந்தது. ஒரு பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது கைக்கு அகப்பட்டது. எப்படிப் போடுவது என்று படம் போட்ட சீட்டு உள்ளேயே இருந்தது. அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? எங்கள் பக்கத்தில் காப்பி என்றால் தண்ணீரும் கருப்பட்டியும் தூளும் ஒன்றாகக் கொதிக்க வேண்டும். அந்தப் புத்தியில் நான் ஒரு வட்டுக் கருப்பட்டியைத் தட்டி அடித் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றிவிட்டேன். தண்ணீர் பாகாகி, பாகு குழாயில் ஏறி, மூடியைத் தூக்கிக்கொண்டு நுரையாக வழிந்து, மேடை முழுக்கப் பிசுபிசுவென்று ஓடியது. பர்னர் அடைத்து அடுப்பே அணைந்துபோனது. குழாய்க்குள் இறுகியதை ஈர்க்குச்சி விட்டு நோண்டவே அரைநாள் ஆனது. "என்னட்டி, கருகின வாடை வருது, என்ன செய்யுதே?" என்று அக்கா கேட்டாள். சொன்னேன். அவள் சிரித்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். கண் போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

கழுவித் துடைத்த பாத்திரத்தை அவள் மடியில் வைத்தேன். விரலால் ஒவ்வொன்றாகத் தடவினாள். குழாய், கிண்ணம், கிண்ணத்தின் ஓட்டை, மூடி, குமிழ். "அப்பம் பச்சைத் தண்ணிதான ஊத்தணும்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "தூளை முதல்லயே போட்டுரலாமா?" ஆமாம். "அடுப்புல வச்ச பொறவு வெந்நித் தண்ணியைத் தொடவே வேண்டாம்?" அதற்கும் ஆமாம். அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஊற்றுவதும் அளப்பதும் எல்லாம் சூடு ஏறுவதற்கு முன்பே முடிந்துவிடும். அடுப்பை நான் பற்ற வைத்தால் போதும், அணைக்கிற திருகு அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. சட்டம் போட்டவளே அன்றைக்குச் சட்டத்தைத் தளர்த்தினேன்.

ஆனால் எப்போது அணைப்பது? நிறம் தெரிய அவளுக்குக் கண் இல்லையே. நான் பக்கத்தில் நின்று சொல்கிறேன் என்றேன். முதல் நாலைந்து நாள் சொன்னேன். பிறகு ஒருநாள் நான் வாயைத் திறக்கும் முன் அவள் கையை நீட்டி என்னை அடக்கினாள். "இரு. இது தண்ணிச் சத்தம்." குமிழைப் பார்த்தேன், உள்ளே வெளுப்பாகத்தான் இருந்தது. குளுக்கென்று ஒன்று, கொஞ்சம் விட்டு இன்னொன்று, பிறகு இடைவிடாமல். என் காதுக்கு எல்லாம் ஒரே குளுக்குதான். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். "இப்பம் வருது பாரு, காப்பிச் சத்தம்" என்று சொல்லித் திருகை அணைத்தாள். குமிழ் சரியான நிறத்தில் இருந்தது. எப்படி என்று நூறு தரம் கேட்டிருப்பேன். "தொண்டை கட்டுன மாதிரி கேக்குதுல்லா" என்பாள். எனக்கு இன்றுவரை கேட்டதில்லை.

அதோடு அவள் நடமாட்டமே மாறிப்போனது. பில்டர் தூள் மாவாக இருக்கிறது, கப்பில் கசண்டு தங்குகிறது என்று தூள் கடைக்காரரிடம் சொல்லிக் கொரகொரவென்று அரைத்து வரச் செய்தாள். நல்ல தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை வருகிற ஊரில், காப்பிக்கென்று ஒரு குடத்தைத் தனியாக மூடி வைத்து, அதில் யாரும் கை வைக்கக்கூடாது என்றாள். ஒருநாள் சோம்பல்பட்டு நான் உப்புத்தண்ணீரை ஊற்றிவிட்டேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "போர்த் தண்ணிக்கு எதுக்குட்டி இவ்வளவு தூளு?" என்று கேட்டாள். குறை சொல்ல ஆரம்பித்துவிட்டாளே என்று எனக்கு ஒரே சந்தோஷம். மாலை நாலு மணிக்குக் கடையிலிருந்து யாராவது வந்தால், "இருங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து நடப்பாள்.

என் மகளைப் பெண் பார்க்க வந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. விருதுநகர்ப் பக்கம் நல்ல குடும்பம், பையனுக்கு நல்ல வேலை, மகளுக்கும் பிடித்திருந்தது. அதற்கு முன் இரண்டு இடம் தட்டிப்போயிருந்ததால் நான் தூக்கம் இல்லாமல் கிடந்தேன். அன்று விடியும்போதே அக்கா குளித்து, அரக்குப் பட்டுச் சேலை கட்டி, பூ வைத்து, பெர்குலேட்டரில் தண்ணீரும் தூளும் அளந்து போட்டு, கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். "பிள்ளைக்குப் பெரியம்மா இல்லையா, முன்னால நிக்க வேண்டாமா?" என்றாள். வருகிறவர்கள் முதலில் அந்தக் கண்களைத்தான் பார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. கண் போகிற குடும்பம் என்று நினைத்துவிட்டால்? அக்காவுக்கும் என் மகளுக்கும் ரத்த சம்பந்தமே கிடையாது, அவள் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள். இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் கார் சத்தம் கேட்டதும் அவள் காதருகில் குனிந்து சொன்னேன். "அக்கா, அவிய போற வரைக்கும் நீங்க ரூம்ல இருங்க." சேலை மடிப்பை ஒருதரம் நீவிவிட்டாள். "சரிட்டி. தீயைக் கூட்டி வைக்காத" என்று மட்டும் சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களையை ஒட்டிய அறைக்குள் போனாள். நான் கதவைச் சாத்தினேன்.

வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அக்காவின் கணவர் என்னைப் பார்த்து, "எங்க, அவளைக் காணோம்?" என்று கேட்டார். "தலைவலிக்குன்னு படுத்திருக்காவ" என்றேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னேன். அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். பையனின் அம்மா நன்றாகப் பேசுகிறவர். அவர் கேட்டதற்குப் பதில் சொல்வதும், மகள் முந்தானையைச் சரிசெய்வதுமாக அடுப்பை நான் சுத்தமாக மறந்துபோனேன். திடீரென்று அறைக் கதவில் உள்ளிருந்து இரண்டு தட்டு. பக்கத்தில் போனேன். "ஏட்டி, ஆயிட்டு. எறக்கு" என்று சன்னமான குரல். ஓடிப்போய்ப் பார்த்தால் குமிழ் சரியான நிறத்தில் இருந்தது. இன்னும் இரண்டு நிமிஷம் விட்டிருந்தால் கஷாயம்தான்.

பாலும் சீனியும் கலந்து மகள் தட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள். பையனின் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் கப்பைப் பார்த்தார். "பிரமாதமா இருக்கே. நீங்க போட்டதா?" என்று என்னைக் கேட்டார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. மகள் தட்டைக் கீழே வைத்தாள். "இல்ல அத்தே. எங்க பெரியம்மா போட்டது. அவியளுக்குக் கண்ணு தெரியாது, சத்தத்தைக் கேட்டே போடுவாவ" என்று சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போய் அறைக் கதவைத் திறந்தாள். பட்டுச் சேலையோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்த அக்காவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். அக்கா குரல்கள் இருந்த பக்கமாகத் திரும்பி, "சீனி போதுமா?" என்று கேட்டாள். பையனின் அம்மா எழுந்து, அவள் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "இப்பம் தலைவலி எப்படி இருக்கு?" என்று அவள் கணவர் விசாரித்தார். அக்கா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "காப்பி வாசத்துக்கே விட்டுட்டு" என்றாள்.

சம்பந்தம் அந்த மாதமே முடிவானது. அதன் பிறகு அந்தக் கதை எங்கள் வீட்டில் எத்தனையோ தரம் சொல்லப்பட்டது. ஒவ்வொரு தரமும் அக்காவே முந்திக்கொள்வாள். "அன்னைக்கு எனக்கு மண்டையைப் பிளக்கிற வலி. நான்தான் கதவைச் சாத்திட்டுப் படுத்தேன். இந்தப் பிள்ளை வந்து இழுத்துட்டுப் போயிட்டா" என்பாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். தனியாக இருக்கும்போது ஒருநாள், "அக்கா, அன்னைக்கு நான்" என்று ஆரம்பித்தேன். "தூளு தீந்துபோச்சு, வாங்கணும்" என்று எழுந்து போய்விட்டாள்.

போன ஐப்பசியில் அக்கா தவறிப்போனாள். பதினாறாம் நாள் கூட்டத்தில் சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, வந்திருந்த எல்லோரிடமும் அழுதுகொண்டே சொன்னார். "அவ்வளவு தலைவலியிலயும் எங்களுக்குக் காப்பி போட்டு வச்சிட்டுல்லா படுத்திருந்தாவ." எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. என் பொய்யைத் தன் பொய்யாக எடுத்துக்கொண்டு சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தவள் இப்போது இல்லை. அவள் சார்பில் நான் ஒன்றை எழுதி வைக்க வேண்டும். அக்காவுக்கு அன்று தலைவலி எதுவும் இல்லை. பட்டுக் கட்டிப் பூ வைத்து முன்னால் நிற்க வந்தவளை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தியது நான்.