இருபதுக்குப் பதினாறு

அந்த வட்டாரத்தில் பாதிப் பேருடைய ரத்தம் அவள் கையால் எடுக்கப்பட்டதுதான். மருந்துக்கடைக்கு மாடியில் இருக்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினான்கு வருஷமாக வேலை. காலை ஆறரைக்குப் படியேறினால் பத்து மணிக்குள் நாற்பது கைகளைப் பார்த்துவிடுவாள். குண்டுக் கை, எலும்புக் கை, மருந்து ஏறி ஏறி நரம்பெல்லாம் ஒளிந்துகொண்ட கை, ஊசியைக் கண்டதும் அலறுகிற குழந்தையின் பிஞ்சுக் கை. பெரும்பாலும் ஒரே குத்துதான். வலித்ததா என்று யோசிப்பதற்குள் பஞ்சை வைத்து அழுத்தியிருப்பாள். கைராசி அக்கா என்று யாரோ கூப்பிட ஆரம்பித்து அதுவே பெயராகிப் போனது. மற்ற இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தாலும் "நான் கைராசி அக்காவுக்கே காத்திருக்கேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தக் கைதான் போன வருஷம் அவள் காலை வாரிவிட்டது.

வருஷத்துக்கு ஒரு முறை விளையாட்டு அரங்கத்தில் நடக்கும் ஷட்டில் போட்டி. பெண்கள் இரட்டையர், அரையிறுதி. அவளுக்கு ஜோடி அவளுடைய நாத்தனார். பஸ் நிலையத்தில் எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று அறிவிப்பு சொல்வது நாத்தனாரின் வேலை. வீட்டிலும் அதே குரல், அதே சத்தம். அதனால் குடும்பத்தில் அவளுக்கு 'மைக்' என்று பெயர். அண்ணியும் மைக்கும் ஆறு வருஷமாகச் சேர்ந்து ஆடுகிறார்கள். எதிரே தபால் அலுவலகத்தில் வேலை செய்கிற இரண்டு பெண்கள். கடைசி கேமில் இருபதுக்குப் பதினாறு. இன்னும் ஒரே ஒரு பாயிண்ட் எடுத்தால் இறுதிப் போட்டி. சர்வீஸ் கைராசியிடம்.

பேட்டைப் பிடித்த விரல்கள் நடுங்கி மரத்துப் போயின. முழங்கை தன்னுடையது இல்லை என்பது போல இருந்தது. போட்ட சர்வீஸ் நெட்டின் நடுவிலேயே மோதி விழுந்தது. அடுத்த பந்தை வெளியே அடித்தாள். அதற்கடுத்ததை மைக்கின் பந்து என்று நினைத்து விட்டுவிட்டாள். நாலாவதும் நெட்டில் மோதியது. இருபதுக்கு இருபது என்று நடுவர் சொன்னபோது அவள் காதில் தண்ணீர் புகுந்த மாதிரி ஒரு இரைச்சல்தான் கேட்டது. இருபத்திரண்டுக்கு இருபதில் ஆட்டம் முடிந்தது.

அன்றிலிருந்து மூன்று நாள் மைக் அணைந்தே கிடந்தது. வீட்டில் எல்லோருக்கும் பயம் வந்துவிட்டது. திட்டித் தீர்த்திருந்தால்கூடத் தேவலை என்று கைராசி நினைத்தாள். நாலாம் நாள் நாத்தனார் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணி, அடுத்த வருஷமும் நாமதான் ஆடறோம்."

"என்னை வெச்சுக்கிட்டா? உனக்கென்ன பைத்தியமா?"

"வேற ஜோடி தேட எனக்கு நேரமில்லை. நீங்க அந்த நடுக்கத்துக்கு மட்டும் ஒரு வழி பண்ணுங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கைராசி அன்றைக்குப் பாத்திரம் கழுவும்போதும் அதையே யோசித்தாள். படுக்கப் போவதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். ஆட்டத்தை விடப்போவதில்லை. ஒரு வருஷம் முழுசாக இருக்கிறது. நடுக்கம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தே தீருவது.

முதலில் வந்தது கணவனின் யோசனை. அவன் பேக்கரி வேன் ஓட்டுகிறவன். வண்டி ஓட்டிக்கொண்டே ஊக்கப் பேச்சுக்களைக் கேட்டுக் கேட்டு ஊறிப் போனவன். "கண்ணாடி முன்னால நின்னு, நான் ஜெயிப்பேன் நான் ஜெயிப்பேன்னு தினமும் பத்துத் தடவை சொல்லு. தானா வந்துடும்" என்றான். ஒரு மாதம் சொன்னாள். "கண்ணாடிக்கே நம்பிக்கை வரலைங்க" என்று விட்டுவிட்டாள். பிறகு மூச்சை எண்ணிப் பார்த்தாள். ஜெயித்த நாளில் போட்டிருந்த பச்சைச் சட்டையையே துவைத்துத் துவைத்துப் போட்டுப் பார்த்தாள். மூன்றாம் மாதம் ஒரு சின்னப் போட்டி வந்தது. பதினெட்டுக்குப் பதினெட்டு வரைக்கும் நன்றாகத்தான் போனது. அதற்குமேல் சட்டை மட்டும்தான் பச்சையாக இருந்தது, முகம் வெளிறிவிட்டது. தோற்றார்கள்.

அதற்கடுத்த வாரம்தான் அந்த லாரி டிரைவர் வந்தார். கதவு நிறைய ஆள். மீசை மட்டுமே தனியாக ஒரு நாற்காலி கேட்கும். உட்கார்ந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ரப்பரைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்து, ஊசியை இறக்கினாள். ரத்தம் வரவில்லை. நரம்பு வழுக்கிவிட்டது. எப்போதாவது நடக்கிறதுதான். கட்டை அவிழ்த்தாள், ஊசியை எடுத்தாள், பஞ்சை வைத்தாள், "அந்தக் கையைக் குடுங்கண்ணா" என்றாள். இரண்டாவது குத்தில் வந்துவிட்டது.

டிரைவர் ஒரு கண்ணைத் திறந்தார். "ஏம்மா, முதல்ல தப்பிடுச்சே. எல்லாரும் வேற பார்த்துக்கிட்டு இருக்காங்க. உனக்கு கை நடுங்காதா?"

"உங்க மூஞ்சியையும் அவங்க மூஞ்சியையும் பார்த்தா நடுங்கும்ணா. நான் நரம்பைத்தானே பார்க்கறேன். ஒண்ணு தப்பிடுச்சுன்னா அடுத்து என்ன பண்ணணும்னு கைக்குத் தெரியும்."

வாய் தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. மூன்று பேருக்குப் பிறகு, ஒரு குப்பியில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஞாபகம் வந்தது. அப்போது இதே கை நடுங்கியது. ஒரு அம்மா இவளைப் பிடித்துத் திட்டி, மேலாளரிடம் போய்ச் சொன்னதுகூட உண்டு. அந்த நடுக்கத்தை யாரும் மந்திரம் போட்டு எடுக்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று 'நரம்பு கிடைக்கும்' என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ஆயிரம் கைகளில் குத்தினாள். தப்பினால் என்ன செய்வது என்று ஒரு வரிசை வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். கோர்ட்டில் அந்த வரிசை இல்லை. தப்பிய பந்தோடு சேர்ந்து அவளும் விழுந்துவிடுகிறாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளையிலிருந்து நாம பூஜ்யத்திலிருந்து ஆட வேண்டாம். எடுத்த எடுப்பில இருபதுக்குப் பதினாறு. சர்வீஸ் என்கிட்ட. எதிர்ல யாரை வேணா நிறுத்து. நீ கரையில நின்னு உன் வாய்க்கு வந்ததைக் கத்து."

"நிஜமாவா அண்ணி?" மைக்கின் முகத்தில் ஆறு வருஷத்து ஆசை நிறைவேறின பிரகாசம்.

வேலை முடிந்து வாரத்தில் நாலு நாள், அரங்கத்தின் மூலைக் கோர்ட்டில் அது நடந்தது. எதிரே ஆட யார் கிடைக்கிறார்களோ அவர்கள். கைராசி சர்வீஸுக்குக் கையைத் தூக்கும்போது கரையிலிருந்து பஸ் நிலையக் குரல் வரும்: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு! இருபதுக்குப் பதினாறிலிருந்து புறப்படும் சர்வீஸ், இன்னும் சற்று நேரத்தில் நெட்டில் மோதும்!" பக்கத்துக் கோர்ட்டில் ஆடுகிறவர்கள் சிரிப்பு தாங்காமல் பேட்டைக் கீழே வைத்துவிடுவார்கள். முதல் வாரம் கைராசியின் சர்வீஸ் பத்தில் ஆறு நெட்டில்தான் மோதியது. பந்தைக் குனிந்து எடுத்து அடுத்ததைப் போடுவாள்.

ஒரு வரிசை கொஞ்சம் கொஞ்சமாக அமைந்தது. பந்து தப்பினால் பேட்டை இடது கைக்கு மாற்றுவது. வலது கையைத் தொடையில் துடைப்பது. பந்தின் இறகைச் சரிசெய்வது. எதிர்க் கோர்ட்டில் வெள்ளைக் கோடுகள் சந்திக்கிற இடத்தைப் பார்ப்பது, ஆளைப் பார்ப்பதில்லை. பிறகு உதட்டுக்குள் "அடுத்தது" என்று ஒரே சொல். வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டில் எழுதுவாள். எத்தனை ஜெயித்தோம் என்பதை எழுதமாட்டாள். தப்பு செய்த பிறகு வந்த பந்தை எப்படி ஆடினேன் என்று மட்டும். சில நாள் ஒரு வரி. சில நாள் 'இன்றைக்கு மைக்கை அடிக்கப் போயிருப்பேன்' என்று மட்டும் இருக்கும்.

நடுக்கம் போய்விடவில்லை. ஐந்தாம் மாதம்தான் அது அவளுக்குப் புரிந்தது. வரும். வந்துவிட்டுப் போகட்டும் என்று இடம் விட்டு, இவள் தன் வரிசையைச் செய்துகொண்டிருந்தால் அது ஓரமாக உட்கார்ந்துகொள்ளும்.

போட்டி வந்தது. அரையிறுதியில் மறுபடியும் அதே தபால் அலுவலக ஜோடி. முதல் கேம் அவர்களுக்கு, இரண்டாவது இவர்களுக்கு. மூன்றாவதில் கைராசி இரண்டு சர்வீஸை நெட்டில் போட்டாள், ஒரு பந்தை மிக எளிதாகத் தவறவிட்டாள். பதினொன்றுக்குப் பதினெட்டு. பின்னால் இருந்தார்கள். கூட்டத்தில் கணவன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. காதில் அந்த இரைச்சல் ஆரம்பித்தது.

பேட்டை இடது கைக்கு மாற்றினாள். துடைத்தாள். கோடுகளைப் பார்த்தாள். அடுத்தது.

பன்னிரண்டு. பதின்மூன்று. மாறி மாறி நாற்பது தடவைக்கு மேல் அடித்த ஒரு நீண்ட ஆட்டத்தில் பந்து எதிராளியின் காலடியில் விழுந்தது. பதினாறு. அவர்கள் ஒன்று எடுத்தார்கள், இவர்கள் மூன்று. பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. தபால் ஜோடி இருபதைத் தொட்டது. அவர்களுக்கு இன்னும் ஒன்றே ஒன்று. வேகமாக வந்த பந்தை கைராசி நெட்டுக்கு ஓரமாக மெல்லத் தட்டிவிட்டாள். இருபதுக்கு இருபது.

இப்போது சர்வீஸ் மைக்கிடம். அவள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். நடுவர் திரும்பிப் பார்த்தார். கைராசி பக்கத்தில் போனாள்.

"அண்ணி." குரல் அவளுக்கே கேட்காத அளவுக்கு இருந்தது. "கை நடுங்குது."

மாதக்கணக்கில் கரையில் நின்று கத்தியவளுக்கு, தன் கை நடுங்கினால் என்ன செய்வது என்று தெரியவில்லை. அவளுக்கு இது முதல் தடவை.

"நடுங்கட்டும். பேட்டை இடது கைக்கு மாத்து. வலது கையைத் துடை. ம்... இறகு கோணலா இருக்கு பாரு, சரிபண்ணு. அவங்களைப் பார்க்காதே. அந்தக் கோடு மூலை தெரியுதா?"

"தெரியுது."

"அங்க போடு. நெட்டில மோதினா மோதட்டும், அடுத்தது நான் பார்த்துக்கறேன்."

சர்வீஸ் நெட்டை உரசியபடி போய் உள்ளே விழுந்தது. எதிராளி தூக்கி எடுத்த பந்தை கைராசி அடித்தாள். இருபத்தொன்று. மைக் இன்னொரு தடவை துடைத்தாள், இன்னொரு தடவை கோட்டைப் பார்த்தாள். நாலைந்து அடிகளுக்குப் பிறகு தபால்காரப் பெண்ணின் பந்து வெளியே போய் விழுந்தது. மைக் போட்ட கத்தல் வெளியே சாலையில் போனவர்களுக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள் இறுதிப் போட்டியில் தோற்றார்கள். எதிரே நின்றவர்கள் உண்மையிலேயே கெட்டிக்காரர்கள். இருபத்தொன்றுக்குப் பதினெட்டு, இருபத்தொன்றுக்குப் பதினேழு. கைராசி அன்று ஐந்து சர்வீஸைத் தவறவிட்டாள். ஆறாவதை நன்றாகப் போட்டாள். ஆட்டம் முடிந்ததும் தோள் வலித்தது, உள்ளே வேறெதுவும் வலிக்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கை குலுக்கியவள் கையை விடவில்லை. ஜெயித்தவர்களில் உயரமான பெண்ணிடம் கேட்டாள்: "கடைசி நேரத்தில மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பறீங்களே, அதை எனக்குக் காட்டுவீங்களா?"

அவள் சிரித்துவிட்டாள். "நாங்க திங்கட்கிழமை சாயங்காலம் ஆடுவோம். வாங்களேன்."

"ரெண்டு பேரும் வரோம்" என்றாள் மைக், பின்னாலிருந்து, அரங்கம் முழுக்கக் கேட்கும்படி.