ஒரு பின்னந்தலைக்கு என்ன வாங்கித் தருவது

கடைக்காரர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "யாருக்கு சார்? அவருக்கு என்ன பிடிக்கும்?" பதினாலு வருஷமாக ஒரே பேருந்தில் ஓடுகிறோம். அவர் டிரைவர், நான் கண்டக்டர். பெண்டாட்டி பிள்ளைகளைவிட அதிக நேரம் அந்த மனிதரோடுதான் இருந்திருக்கிறேன். அவருக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது. சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, பராக்குப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நியாயமாகப் பார்த்தால் தப்பு என் மேல் மட்டும் இல்லை. எங்கள் வேலை அப்படி. அவர் முன்னால் பார்த்து உட்கார்ந்திருப்பார், நான் பின்னால் நின்றிருப்பேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய பின்னந்தலை, மிஞ்சினால் உள்கண்ணாடியில் தெரியும் ரெண்டு கண். இடது காதுக்குப் பின்னால் மிளகு அளவுக்கு ஒரு மச்சம். கழுத்தில் மூன்று மடிப்பு. எந்தச் சட்டையாக இருந்தாலும் காலர் வலது பக்கம்தான் முதலில் நைந்துபோகும். நான் படியில் தொங்குகிறவர்களோடு மல்லுக்கு நின்று தொண்டை கிழியக் கத்தும்போது அவர் காது மட்டும் சிவக்கும், தலை திரும்பாது. ஹாரனில் கை வைக்கவே யோசிப்பார் என்பதால் டிப்போவில் அவருக்கு 'பொறுமை' என்று பட்டப்பெயர். நான் அண்ணே என்பேன். எங்களுக்குள் பேச்சு என்றால் அது விசில்தான். ஒரு விசில் அடித்தால் நிறுத்துவார், ரெண்டு விசில் அடித்தால் எடுப்பார். டீக்கடையில்கூடப் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு ரெண்டு பேரும் வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

அப்படிப்பட்ட நிதானமான ஆள் வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்கப் போய் ஏணியோடு விழுந்தார். வலது தொடை எலும்பு ரெண்டு இடத்தில் முறிந்துவிட்டது. ஒரு ஆபரேஷன், பிறகு புண் சீழ் பிடித்து இன்னொரு ஆபரேஷன். பத்து நாள் என்றது பத்து வாரம் ஆகிவிட்டது. நான் டியூட்டி முடிந்ததும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் ஆஸ்பத்திரிக்குப் போவேன். கையை வீசிக்கொண்டு போக முடியுமா? அங்கேதான் பிடித்தது தலைவலி.

முதலில் சட்டை வாங்கினேன். நைந்த காலரைப் பார்த்துப் பார்த்துச் சலித்த கண் இது, அளவெல்லாம் அத்துப்படி என்று நினைப்பு. அவர் மனைவி, நான் அண்ணி என்பேன், அவருக்குப் போட்டுவிட்டுப் பார்த்தார். கழுத்து அச்சாகப் பொருந்தியது. கீழே மூன்று பொத்தான் எட்டவே இல்லை. அண்ணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தொப்பையை நீங்கள் பார்த்ததே இல்லையா தம்பி என்றார். எங்கே பார்த்தேன்? அது எப்போதும் ஸ்டியரிங் பக்கம் அல்லவா இருந்தது.

அடுத்து ஒரு குட்டி ரேடியோ. வண்டியில் பாட்டு ஓடும்போது அவர் தலை ஆடுவதை நானே பார்த்திருக்கிறேன். அவர் வாங்கி, நன்றி சொல்லி, தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார். வராந்தாவுக்கு வந்த பிறகு அண்ணி மெதுவாகச் சொன்னார், "அவருக்குப் பாட்டே ஆகாது தம்பி. உங்களுக்குப் பிடிக்கும்னுதான் வண்டியில ஓட விட்டிருந்தார்." அப்படியானால் தலை ஆடியது? ரோட்டுப் பள்ளத்துக்கு. பதினாலு வருஷம் எனக்காகப் பாட்டைப் பொறுத்துக்கொண்டிருக்கிறார், எனக்கு அது தெரியாது. வெட்கமாக இருந்தது, பிறகு கோபம் வந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்ன?

பத்தாவது வாரம், அவரை நடக்கப் பழக்க வந்த பிசியோ பெண் என்னை வராந்தாவில் நிறுத்தினாள். "எலும்பு கூடிடுச்சு சார். இனிமே அவர்தான் நடக்கணும். வாக்கரைப் பிடிச்சு எழுந்திருக்கிறார், நிக்கிறார், ஒரு அடி வைக்க மாட்டேங்கிறார். இன்னும் ரெண்டு வாரம் இப்படியே போனா முழங்கால் இறுகிடும். அப்புறம் பிரேக் மிதிக்கிற வேலையை மறந்துட வேண்டியதுதான்." வண்டி இல்லாமல் அந்த மனிதர் என்ன செய்வார்? அவர் இல்லாத வண்டியில் நான் என்ன செய்வேன்?

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நல்ல செருப்பு வாங்கிக் கொடு, நடக்க ஆசை வரும் என்றாள் என் வீட்டுக்காரி. வாங்கினேன். கட்டிலுக்கு அடியில் ஜோடியாகக் கிடந்தது. டிக்கெட் பரிசோதகர், நாலு வார்த்தை நறுக்கென்று கேள், ரோஷம் வந்தால் எழுந்து நடப்பார் என்றார். அதையும் செய்தேன். வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். காது சிவந்தது, அவ்வளவுதான். கத்திவிட்டு வந்து வீட்டில் சோறு இறங்கவில்லை. என்ன வேண்டும் இந்த ஆளுக்கு? மண்டை காய்ந்துபோயிற்று.

கடைசியில் டிப்போ மெக்கானிக் எங்கள் வண்டியிலிருந்து கழற்றிய பழைய உள்கண்ணாடியைக் கொடுத்தார். டிரைவர் தலைக்கு மேலே இருக்குமே, அது. மல்லாந்தே கிடக்கிறவர் தலைக்குப் பின்னால் இருக்கிற ஜன்னலையாவது பார்க்கட்டும் என்று கட்டிலின் கால்மாட்டுக் கம்பியில் துணியால் கட்டினேன். அன்றைக்கு எனக்கு வழக்கமான ஸ்டூலும் கிடைக்கவில்லை, பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் தலைமாட்டுக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றேன். கண்ணாடியில் அவர் கண் என் கண்ணைப் பிடித்தது. பஸ்ஸில் பார்த்துக்கொள்வோமே, அதே மாதிரி.

"யோவ்," என்றார்.

"சொல்லுங்கண்ணே."

"பயமா இருக்குய்யா."

பத்து வாரமாக எதிரே உட்கார்ந்து வாய் வலிக்கக் கேட்டும் வராத பேச்சு, முதுகுக்குப் பின்னால் நின்றதும் வருகிறது. "அந்தப் பொண்ணு எதிர்ல நின்னுக்கிட்டு வா வான்னு கூப்பிடுது. எனக்கு முன்னாடி ரோடுதான்யா இருக்கணும். ஆள் நின்னா எப்படி எடுக்கிறது?" என்றார். அதோடு கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்குப் புரிந்தது பாதிதான். மறுநாள் பிசியோ பெண்ணிடம் கெஞ்சி அவளைப் பக்கவாட்டில் நிற்கச் சொன்னேன். நான் அவருக்குப் பின்னால் நின்று இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டேன். புதுச் செருப்பைப் போட்டுவிட்டாள். எழுந்தார், வாக்கரைப் பிடித்தார், நின்றார். நேராக வாசல் தெரிகிறது, குறுக்கே ஒரு ஈ காக்கை இல்லை. போங்கண்ணே என்றேன். போகவில்லை. அண்ணி கைகளைப் பிசைந்தார். பிசியோ பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். இப்போது வேறு என்ன குறை என்று எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

அப்போதுதான் அந்த இடது காதைப் பார்த்தேன். மச்சத்துக்கு மேலே, லேசாக என் பக்கம் சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வு எனக்குத் தெரியும். கூட்டம் ஏறி முடியும்வரை ஒவ்வொரு ஸ்டாப்பிங்கிலும் அது அப்படித்தான் இருக்கும். மனிதர் பிடிவாதம் பிடிக்கவில்லை. எனக்காகக் காத்திருக்கிறார். மடையன், மடையன் என்று என்னையே திட்டிக்கொண்டு சட்டைப் பையைத் தடவினேன். பத்து வாரமாக அதை என்னோடுதான் கொண்டு வந்து கொண்டு போயிருக்கிறேன்.

ரெண்டு விசில் அடித்தேன்.

வார்டில் படுத்திருந்தவர்கள் எல்லாம் தலையைத் தூக்கினார்கள். நர்ஸ் திட்டிக்கொண்டே ஓடி வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். வாக்கர் முன்னால் நகர்ந்தது. வலது கால் தரையிலிருந்து எழும்பி, நடுங்கி, ஒரு சாண் தள்ளி இறங்கியது. பிறகு இடது கால். அடுத்த கட்டிலைத் தாண்டினார். அதற்கடுத்த கட்டிலையும் தாண்டினார். வியர்வை கழுத்து மடிப்பில் இறங்கிக் காலரை நனைத்தது. நான் பட்டையைப் பிடித்தபடி பின்னாலேயே போனேன்.

முதல் நாளுக்கு இது போதும், நிறுத்தச் சொல்லுங்கள் என்றாள் பிசியோ பெண். விசிலை வாயில் வைத்தேன். உதடு துடிக்கிறது, மூச்சு ஒரு நிலைக்கு வரவில்லை, எச்சில்தான் வருகிறது. வாசல் நெருங்கிவிட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை, அவருக்குத் திரும்பிப் பார்த்துப் பழக்கமில்லை.

"யோவ், ஸ்டாப்பிங் வருதுய்யா. அடி."

எங்கே அடிக்கிறது. அழுதுகொண்டே விசில் ஊத முடியாது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. விசில் வரவில்லை, அதனால் அவர் நிற்கவும் இல்லை.