அப்பா கட்டிய கல்யாணப் பூச்செண்டு

மழை தொடங்கிய வாரத்தில், அலமாரிக்கு மேலே ஆணியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த என் கல்யாணப் பூச்செண்டில் சாம்பல் நிறமாக ஏதோ படர்ந்திருப்பதைப் பார்த்தேன். தூசி என்று நினைத்துத் தொட்டேன். விரலில் ஈரமாக ஒட்டியது. பூஞ்சை.

அந்தச் செண்டை அப்பா கட்டினார். தொற்றுக் காலத்தில் பதிவு அலுவலகத்தில் நடந்த கல்யாணம் எங்களுடையது. நான் வேலைக்காக ராசா என்ற ஊரில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அப்பா வேறு மாவட்டத்தில், பெடாஸ் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை பார்த்து, அவர்கள் கொடுத்த வீட்டில் இருந்தார். மாவட்ட எல்லையைத் தாண்ட அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. பூக்கடைகளும் மூடியிருந்தன. வீட்டைச் சுற்றிப் பூத்திருந்த வாடாமல்லி, கோழிக்கொண்டை, செண்டுமல்லி எல்லாவற்றையும் பறித்து வாழைநாரால் இறுக்கிக் கட்டி, காய்கறி லாரியில் கொடுத்தனுப்பினார்.

"பொக்கேலாம் நான் எங்கேம்மா கட்டியிருக்கேன், போன்ல படம் பாத்துதான் கட்டுனேன்" என்றார். "கறிவேப்பில கட்டு மாரி இருந்துச்சுன்னா மாப்பிள்ளையோட சேந்து சிரிச்சிக்க."

அப்படித்தான் இருந்தது. சிரித்தோம். கொஞ்ச நாளில் அதே நோயில் அப்பா போய்விட்டார். மூடிய பெட்டியைத் தூரத்தில் நின்று பார்க்கத்தான் விட்டார்கள். வீட்டைத் தோட்டத்தார் எடுத்துக்கொண்டார்கள். அவருடைய துணிமணிகளை நோய்க்குப் பயந்து எரித்தார்கள். அவர் கை பட்ட பொருள் என்று எனக்கு மிஞ்சியது இந்தச் செண்டு ஒன்றுதான்.

இப்போது நாங்கள் லாபு என்ற ஊரில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். கணவர் இங்கே கிராணி, தோட்டத்துக் கணக்கு எழுதுகிறார். மழை பிடித்தால் சுவரே வியர்க்கும். காலணிப் பெட்டிகளில் கிடைத்த ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைத் தேடி எடுத்துச் செண்டைச் சுற்றி வைத்தேன். பலனில்லை. தண்ணீரில் விழுந்த போனை அரிசியில் புதைத்து வைப்போமே, அதே போல அரிசி வாளிக்குள் புதைத்தேன். வண்டுதான் வந்தது. படித்தவள்தானே, கல்யாணம் முடிந்த உடனே ஏன் இதைப் பற்றி விசாரித்துப் பதப்படுத்தவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

வழி சொன்னது அத்தை, என் மாமியார். வாடின பூவை வீட்டில் வைக்கக்கூடாது என்பவர், இதை மட்டும் ஒருநாளும் எடுக்கச் சொன்னதில்லை. "புள்ளைக்குத் தலைக்கு ஊத்திட்டு சாம்பிராணி காட்டுறோம்ல, முடி காயலயா? பூவும் காயும்லா" என்றார்.

எனக்கும் சரியாகப் பட்டது. என்னிடம் வேறு யோசனையும் இல்லை. வெள்ளிக்கிழமை மகளைக் குளிப்பாட்டிய பிறகு, அதே தணலில் இன்னும் சாம்பிராணி தூவி, செண்டை மேலே பிடித்தேன். சாரல் அடித்ததால் ஜன்னலைச் சாத்தியிருந்தோம். நாரின் முடிச்சு உலர்ந்து மொறுமொறுப்பாவதை விரலால் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அப்பாவுக்கே ஏதோ செய்துவிட்டது போல இருந்தது. திரும்பியபோது மகள் பாயில் உட்கார்ந்தபடி தோள்களைத் தூக்கித் தூக்கி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். மூன்று வயதுப் பிள்ளை. அழக்கூட அவளுக்கு மூச்சு போதவில்லை.

கிளினிக்கில் அவள் முகத்தில் மூடி மாட்டி ஆவி மருந்து கொடுத்தார்கள். டாக்டர் கேட்டதற்கு எல்லாவற்றையும் சொன்னேன், பூஞ்சை, சாம்பிராணி, சாத்திய ஜன்னல். எது காரணம் என்று கேட்டேன். எதுவாகவும் இருக்கலாம், இந்தப் பிள்ளை இருக்கும் வீட்டில் பூஞ்சை பிடித்த பூ, புகை இரண்டும் வேண்டாம் என்றார். எனக்குச் செண்டாவது வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. அவளை மடியில் வைத்துக்கொண்டே அப்படி நினைத்தேன். நான் என்ன தாய்?

வெளியே கொட்டகையில் வைக்கலாம் என்றார் கணவர். இரண்டு நாள் வைத்தோம். நான் அதை எட்டிப் பார்க்கப் போவதும், திரும்பி வந்து பூஞ்சை ஒட்டிய சட்டையை மாற்றாமல் பிள்ளையைத் தூக்குவதும் அத்தையின் கண்ணில் பட்டது. அவர் பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் செண்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடைக்குப் போனேன். சாமிக்குப் போட்ட மாலையை ஓடும் தண்ணீரில்தான் விடுவோம்.

கணவர் கூடவே வந்தார். தண்ணீரில் இறக்கினேன், கையை எடுக்க முடியவில்லை.

"விட்டுரும்மா" என்றார்.

"முடிச்சு அவிழுற வரைக்கும் பிடிச்சிக்கிறேங்க."

நார் ஊறி இளகியது. வாடாமல்லிகள் முதலில் போயின, நிறம் கூட மாறாமல். அவற்றில் நாலு பூவையாவது எடுத்து வைத்திருக்கலாம். பூஞ்சை அதிலும் இருந்திருக்குமா என்று தெரியவில்லை. எடுக்கவில்லை.

அடுத்த மழைக்கு மகளுக்கு மறுபடியும் மூச்சு இரைத்தது. வீட்டில் பூவும் இல்லை, புகையும் இல்லை. சில பிள்ளைகளுக்கு அப்படித்தான், வளர வளரச் சரியாகும் என்று டாக்டர் சொல்கிறார். அப்படியானால் செண்டை வைத்திருந்திருக்கலாமா என்று கேட்க வாய் வரை வந்தது. இப்போதெல்லாம் அவள் தூங்கும்போது முதுகில் காதை வைத்துக் கேட்கிறேன். உள்ளே விசில் போல மெலிதாக ஒரு சத்தம் வருகிறது. அது கூடுகிறதா குறைகிறதா என்று மட்டும் எனக்குப் புரியவே இல்லை.