ஆயுத பூஜையும் ஒரு கேன் ஈஸ்டும்

நான் பெங்களூரை ஒட்டிய ஹெப்பகோடிக்கு வந்தது பீர் காய்ச்ச அல்ல. போர்வெல் லாரியில் வேலை செய்துகொண்டிருந்தேன். நாக்பூர் பக்கம் போய்விட்டுத் திரும்பும் வழியில் லாரி ஆனேக்கல்லில் பழுதாகி நின்றது. சரியாக நாளாகும் என்றார்கள். துணிப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். எலக்ட்ரானிக் சிட்டிக்காரர்கள் வந்து குடிக்கும் ஒரு பப்பில் டேங்க் கழுவ ஆள் வேண்டும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். போய் நின்றேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு திருப்பூரில் சாயப்பட்டறை, மங்களூரில் மீன்படகு, அப்புறம் லாரி என்று எங்குமே நான் அதிக நாள் தங்கியதில்லை. இங்கேயும் மழை விடும்வரை இருக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

பப்பின் பின்பக்கம், கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் எங்கள் பீர் ஆலை. கொதிக்கும் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் குழாய்களைக் கழுவ வேண்டும். காய்ச்சி முடித்த மால்ட், அதாவது முளைகட்டிய பார்லியின் சக்கையை அண்டாவுக்குள் இறங்கி வாரிப் போட வேண்டும். முதல் வாரமே முழங்கை வெந்துபோனது. மருந்து தடவிக்கொண்டு வேலை செய்தேன். அறை கிடைக்கும்வரை மால்ட் மூட்டைகளின் மேல் படுத்தேன். குளிராது. எலி வரும், அவ்வளவுதான்.

பீர் காய்ச்சுகிறவர் ஒரு ஜெர்மன்காரர். டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர் என்பதுபோல அவரை நாங்கள் மாஸ்டர் என்றே கூப்பிட்டோம். அவர் ஊர் பெரிய ஊர் அல்ல, ஒரு சின்ன டவுன் என்பார். அங்கே அவர்கள் குடும்பத்துக்கு ஒரு பீர் ஆலை இருக்கிறது. ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த ஒரு முன்னோர் ஆரம்பித்ததாம். யுத்த காலத்தில் பார்லி கிடைக்காமல் கிழங்கைக் காய்ச்சியிருக்கிறார்கள். பிறகு பெரிய கம்பெனிகள் விலை கேட்டு வந்தபோது அவருடைய அப்பா விற்கவில்லை. ஆலையின் புகைக்கூண்டு கண்ணுக்குத் தெரிகிற தூரம்வரைதான் அவர்கள் லாரி போகும், அதே லாரி காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்துவிடும். இப்போது அண்ணன் நடத்துகிறார். தம்பியான இவருக்கு அந்தப் புகைக்கூண்டைத் தாண்டிப் போக வேண்டும் என்று ஆசை. அதைச் சொன்ன அன்றிலிருந்து எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

பீரை நுரைக்கவைக்கும் ஈஸ்டை அவர் அந்த ஆலையிலிருந்தே இங்கே கொண்டுவந்திருந்தார். லாகர் என்ற பீர் அதில்தான் வரும். குளிரிலேயே நுரைக்க வேண்டும், பிறகு வாரக்கணக்கில் குளிரிலேயே கிடக்க வேண்டும். மற்ற பீர் எல்லாம் அதற்குள் இரண்டு தடவை காய்ச்சி விற்றுவிடலாம். அதனால் முதலாளிக்கு அந்த டேங்கைப் பார்த்தாலே எரிச்சல். அவர் பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனின் பழைய தமிழ்க் குடும்பம். தமிழில்தான் திட்டுவார்.

மழைக்காலத்தில், நகரத்துக்குள் இன்னொரு பப்பில் பீர் காய்ச்சும் பெண் ஒருத்தி மாஸ்டருக்குப் போன் செய்தாள். அவளுடைய ஈஸ்ட் கெட்டுவிட்டது, கொஞ்சம் கிடைக்குமா என்று. மாஸ்டர் ஒரு ஸ்டீல் கேனில் ஊற்றி என்னிடம் கொடுத்தனுப்பிவிட்டார். முதலாளிக்குத் தெரிந்ததும் வந்து குதித்தார்.

"எதிர்க்கடைக்காரனுக்கு நம்ம வீட்டு அடுப்பை எடுத்துக் குடுத்துட்டு வந்திருக்கியேப்பா!"

"மாஸ்டர் சொன்னாரு சார்."

"மாஸ்டர் கெணத்துல குதிக்கச் சொன்னா?"

"போர்வெல்லுன்னா குதிக்க முடியாது சார்."

சிரிப்பை அடக்க அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாஸ்டர் பொறுமையாக விளக்கினார். அவர் ஊரில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஆலை. வாடிக்கையாளர்களுக்காக இரண்டு குடும்பமும் சண்டை போடும், கல்யாணத்துக்குக்கூடப் போகாது. ஆனால் ஒருவர் ஈஸ்ட் கெட்டால் அடுத்தவர் கேனில் அனுப்பிவிடுவார். கேட்காமல் இருந்தால்தான் கோபம் வரும். நான் இதைத் தமிழில் முதலாளிக்கு மறுபடி எடுத்துச் சொல்லும்போது, தயிருக்கு உறை மோர் வாங்குகிற மாதிரி என்று சேர்த்துக்கொண்டேன். அவர் சமாதானமாகவில்லை.

"கிறிஸ்துமஸுக்குக் குழாயில லாகர் வரணும். வரலன்னா அந்த டேங்குல மாம்பழ பீரு. மாஸ்டர் அவர் ஊருக்குப் போலாம்."

அந்தச் சமயத்தில் மாஸ்டர் என்னை டேங்க் கழுவுவதிலிருந்து எடுத்து லாகர் பக்கம் போட்டிருந்தார். வெப்பம் பார்ப்பது, ருசி பார்த்துத் துப்புவது, ஈஸ்டைப் பிரிப்பது என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. அந்த டேங்க் போனால் நானும் சக்கை வாரத் திரும்ப வேண்டும், இல்லை என்றால் பையைத் தூக்க வேண்டும். பையைத் தூக்குவது எனக்குப் புதிதல்ல. முதல் தடவையாக எனக்கு அதில் இஷ்டமில்லை.

ஆயுத பூஜை வந்தது. முதலாளி அன்றும் மறுநாளும் பப்பை மூடச் சொன்னார். மாஸ்டர் தசரா பார்க்க மைசூர் போய்விட்டார். லாகர் நன்றாக நுரைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தோம். அண்டாவுக்கு மாலை, பம்புக்கு எலுமிச்சம்பழம், வாசலில் பூசணிக்காய். எலக்ட்ரீஷியன் அண்ணன் ஆனேக்கல்காரர், பக்திமான். அவர்தான் கற்பூரம் காட்டினார். பொரி கடலை தின்றுவிட்டு எல்லோரும் கிளம்பினோம்.

விஜயதசமிக்கு மறுநாள் காலை மைசூர்பாகு டப்பாவோடு மாஸ்டர் உள்ளே வந்தார். வந்தவர் அப்படியே நின்றார். நானும் அப்போதுதான் கவனித்தேன். சத்தமே இல்லை. டேங்குகளைக் குளிராக வைக்கும் சில்லர் ஓடவில்லை. அதன் நெற்றியில் குங்குமமும் வாடிய சாமந்தியும் இருந்தன.

வாட்ச்மேன், "ரெண்டு ராத்திரியும் நல்ல தூக்கம் சார், ஒரு சத்தம் இல்ல" என்றார்.

எலக்ட்ரீஷியன் அண்ணன் தயங்காமல் முன்னால் வந்தார். "நான்தான் ஆஃப் பண்ணேன். பூஜைக்கு."

"ஏண்ணா?" என்றேன்.

"என்னப்பா ஏண்ணா? லேத்து, மாவு மில்லு, ஆட்டோ, எல்லாத்துக்கும் அன்னிக்கு ரெஸ்ட்டு. இது ஒண்ணுதான் வருசம் பூரா நிக்காம ஓடுது, பாவம். இதுக்கு மட்டும் வேணாமா?"

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். மாஸ்டர், "ரெஸ்ட்?" என்று கேட்டார். மறுபடியும் "ரெஸ்ட்?" என்றார். பிறகு டேங்கைத் திறந்து ஒரு கிளாஸ் பிடித்தார். சூடேறிப்போன லாகர் வாழைப்பழ வாசனை அடித்தது. குளிர் அறையில் அடுத்த தடவைக்காக எடுத்துவைத்திருந்த ஈஸ்ட், கெட்டுப்போன கறிக்குழம்பு மாதிரி நாறியது. அந்த அறைக்கும் அதே சில்லர்தான்.

அண்ணனுக்கு அப்போதுதான் விஷயம் முழுசாகப் புரிந்தது. அங்கேயே ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். மாஸ்டர் அவர் கையில் மைசூர்பாகு டப்பாவைக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றார். திட்டியிருந்தால் அண்ணனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

முதலாளி வந்தார். "என்னப்பா, சாமி கும்புட்டு பீரக் கொன்னுட்டீங்களாமே?"

ஜெர்மனியிலிருந்து வேறு ஈஸ்ட் வரவழைக்கலாம், ஆனால் போன தடவை கஸ்டம்ஸில் கிடந்தே செத்துப்போனது. கிறிஸ்துமஸ் தாண்டிவிடும்.

நான்தான் சொன்னேன். "சார், நாம குடுத்தோமில்ல, அந்தப் பொண்ணுகிட்ட இருக்கும்."

முதலாளி தன் போனை எடுத்து என்னிடம் நீட்டினார். "போன் பண்ணு" என்றார்.

மீன்கடைத் தெர்மாகோல் பெட்டியும் ஐஸுமாகப் போய்ச் சேர்ந்தேன். அவள் வேலூர்ப் பெண். ரப்பர் பூட்ஸோடு வந்து வாசலிலேயே மறித்தாள்.

"என்னண்ணா, குடுத்தத திருப்பிக் கேக்க வந்துட்டீங்களா?"

"கொஞ்சம் போதும்மா."

"சில்லருக்கு லீவு குடுத்தீங்களாமே! பேட்டா குடுத்தீங்களா?" சிரித்து முடித்துவிட்டு, தன் கேன் ஒன்றில் நிறையவே ஊற்றினாள். மோர் நிறத்தில் கெட்டியாக இருந்தது. "நல்லாதான் இருக்கு. மூடிய இறுக்கிடாதீங்க, வெடிக்கும். சூடாகவும் விடாதீங்க."

பஸ் சில்க் போர்டு நெரிசலில் மாட்டி நின்றது. ஐஸ் கரைந்து பெட்டிக்குக் கீழே ஒழுகியது. கேன் ஸ்ஸ் என்று சீறியது. பக்கத்து சீட்டு அம்மா காலைத் தூக்கிக்கொண்டாள்.

"யப்பா, உள்ள பாம்பா?"

"இல்லம்மா, ஈஸ்ட்டு. பிரெட்டுக்குப் போடுவாங்கல்ல?"

"பிரெட்டு எதுக்குய்யா சீறுது?"

கண்டக்டர் பாதி கன்னடமும் பாதி தமிழுமாகக் கேட்டுக்கொண்டே வந்தார். "ஏனப்பா இது? எறங்கு எறங்கு, எல்லாரும் பயப்படறாங்க."

இறங்கியதே நல்லதாகப் போயிற்று. ஓரத்தில் கரும்புச்சாறு வண்டி இருந்தது. ஐஸ் கேட்டேன். ஜூஸ் குடிக்காமல் ஐஸ் கிடையாது என்றான். குடித்தேன். மறுபடியும் கேட்டேன், இன்னொன்று குடிக்கச் சொன்னான். வயிறு நிறையக் குடித்துப் பெட்டியை நிரப்பிக்கொண்டு ஒரு ஆட்டோ பிடித்தேன்.

மாஸ்டர் ஒரு சொட்டு எடுத்து நீலச் சாயம் கலந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். செத்தது நீலமாகிவிடும், உயிருள்ளது வெள்ளையாக நிற்கும். அவர் பார்த்துவிட்டு எழுந்து என்னையும் பார்க்கச் சொன்னார். முத்து முத்தாக வெள்ளை. அங்கங்கே ஒன்றிரண்டு நீலம். நகர்ந்துகொண்டேன். எலக்ட்ரீஷியன் அண்ணன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்து குனிந்து பார்த்தார்.

வாழைப்பழ பீரைச் சாக்கடையில் விட்டோம். புதிதாகக் காய்ச்சினோம். அண்ணன் சில்லர் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டார். அது லேசாக இருமினால்கூட எழுந்துவிடுவார்.

கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே லாகர் குழாயில் வந்தது. முதலாளி முதல் கிளாஸைக் குடித்தார். மாஸ்டர் அவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி வாயைத் துடைத்துக்கொண்டு, "அடுத்தது எப்போ போடறீங்க?" என்று மட்டும் கேட்டார். மாம்பழ பீர்ப் பேச்சு அதோடு நின்றது.

அந்தப் பெண்ணின் கேன் எங்களிடமே இருந்தது. கழுவி எடுத்துவைத்திருந்தேன். காலிப் பாத்திரமாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. சர்க்கரையாவது போட்டுக் கொடுப்போம். முதலாளியிடம் கேட்டேன்.

"அதுக்கு என்கிட்ட எதுக்குக் கேக்கற? லாகர் ஊத்தி எடுத்துட்டுப் போ" என்றார். நான் வாசல் தாண்டும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. "பஸ்ஸுல போவாத. கார எடுத்துக்கச் சொல்லு டிரைவர."

அடுத்த ஆயுத பூஜையும் வந்துபோய்விட்டது. சில்லர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் அதற்கு மாலை போட்டார். அதன் அதிர்வில் சாமந்தி இதழ் இதழாக உதிர்ந்துகொண்டே இருந்தது. அவர் குனிந்து பொறுக்கிப் பொறுக்கித் திரும்ப மேலே வைத்தார். நான் பக்கத்தில் நின்று டேங்க் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.