நடந்து பார்த்து வாங்கிய பேஸ்

"கொல்லம் 1129, மீனம், சனி. உதியன்குளங்கரை. பேஸ் இரண்டு பார்த்தது. ஒன்று எடுத்தது, ஒன்று திருப்பியது. நல்ல வெயில். போலீஸ் ஒரு தடவை வந்தது."

என் கையெழுத்திலுள்ள இந்தக் குறிப்பில் தேதி இருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது. அதே கட்டில் அடுத்த தாள் குருத்தோலை ஞாயிறு பற்றியது. ஆகவே 1954-இல் அதற்கு முந்திய சனிக்கிழமைகளில் ஒன்றாக இருக்க வேண்டும். எந்தச் சனி என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது.

பேஸ் என்பது டியூபா, பேண்டு வாத்தியங்களில் ஆகப் பெரிய பித்தளைக் குழல். விலைப் பட்டியலில் டியூபா என்று அச்சடித்திருந்தாலும், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட சபைகளில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. எங்கள் சபையின் பேண்டில் நான் ஊதியது கார்னெட், கைக்கு அடங்கும் சின்ன எக்காளம். பேஸ் ஊதியவர் என் அக்காவின் கணவர். உதியன்குளங்கரை முக்கில் சின்னதாக ஒரு ரொட்டிக் கடை வைத்திருந்தார். முன்னால் கடை, பின்னால் ரொட்டி வேகும் போர்மா.

ஈஸ்டர் விடியலில் எங்கள் சபையில் ஊர்வலம் உண்டு. கோயிலில் புறப்பட்டு, கல்லறைத் தோட்டம் போய், பெரிய ரோடு வழியாகத் திரும்பும். பேண்டு முன்னால் போகும். பேண்டில் கடைசி ஆள் பேஸ். அவர் முதுகுக்குப் பின்னால் பாடிக்கொண்டு பெண்கள் வருவார்கள். கார்னெட் சத்தம் முன்னோக்கிப் போய்விடும். பெண்களுக்குக் கிடைப்பது பேஸின் 'பூம்' மட்டும்தான். அதற்குத்தான் அவர்கள் கால் வைப்பதும் வாய் திறப்பதும். முந்திய ஆண்டு அத்தான் நெஞ்சில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பேஸ் இல்லாத ஊர்வலம் கோயில் வாசலுக்குத் திரும்பியபோது நாங்கள் மூன்றாம் சரணத்தில் இருந்தோம், பெண்கள் இரண்டாம் சரணத்தில் இருந்தார்கள். இரண்டையும் முடிக்கும்வரை உபதேசியார் ஜெபம் தொடங்க முடியாமல் நின்றார்.

அத்தான் தேறி வந்தார். ஆனால் பழைய பேஸ் ஈயப் பற்று வைத்து வைத்துக் காற்றுப் போகும் ஓட்டையாகிவிட்டிருந்தது. புதியது வாங்குவது என்று கமிட்டி தீர்மானித்தது. கூடவே ஒரு பேச்சும் கிளம்பியது. புதுப் பேஸை நெஞ்சுக்குப் பலமுள்ள வேறு யாராவது ஊதட்டுமே என்று. அத்தான் காதில் விழும்படி யாரும் சொல்லவில்லை, விழாமலும் இல்லை.

அக்கா என்னிடம் சொன்னாள்: "அவருக்கு அத விட்டா வேற ஒண்ணும் இல்லலே. ரொட்டிய ஆரும் சுடலாம். நீ கூட நின்னு பாத்து, தூக்க முடியியதா எடு."

திருவனந்தபுரத்திலுள்ள ஒரு வியாபாரியின் ஏஜெண்ட், பார்த்து எடுப்பதற்கென்று இரண்டு பேஸ்களை பஸ்ஸின் மேல் கட்டிக் கொண்டுவந்து ரொட்டிக் கடையில் இறக்கினார். ஒன்று ஆளை மறைக்கும் பெரியது. மற்றது அதன் தம்பி மாதிரி, பாதிக்குச் சற்றுக் கூடுதலான பாரம். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு அத்தான் இரண்டையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

கமிட்டிப் பொருளாளர் கொப்பரை வியாபாரி, அத்தானோடு ஒரே பெஞ்சில் படித்தவர். வந்ததும் பெரியதன் வாய்க்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

"இதாக்கும் பேஸ். மற்றது அதுக்க பிள்ளை. கடப்புறத்துக் கோயில்காரன் வச்சிருக்கியதக் கண்டியா? நம்ம பேஸ் அதவிடப் பெருசா நிக்கணும்."

"பெருசா நிக்கியது எதுக்கு, நிழலுக்கா?" என்றார் அத்தான்.

"எலே, நீ ஊது. பேச்ச நான் பேசுகேன்."

அத்தான் பெஞ்சில் உட்கார்ந்து பெரியதை மடியில் ஏற்றி ஊதினார். அப்படி ஒரு சத்தத்தை அந்தக் கடை கேட்டதில்லை. அலமாரியில் பிஸ்கட் டின்கள் நடுங்கின. பன் வாங்க வந்த ஒரு அம்மாள், "எனக்க பன்னுக்கு இத்தறை மேளம் வேண்டாம் மக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கார்னெட்டை எடுத்துச் சுருதி பார்த்தேன். எங்கள் கார்னெட்டுகள் மிஷன் காலத்தவை, கொஞ்சம் தூக்கிய சுருதி. பெரியது தொட்டவுடன் சேர்ந்தது. சிறியது தாழ்ந்து நின்றது. இழுப்புக் குழாயை முட்டுமட்டும் உள்ளே தள்ளியபிறகுதான் வழிக்கு வந்தது. சத்தம், சுருதி, அழகு எல்லாமே பெரியதன் பக்கம்.

"கொள்ளாம்," என்றார் பொருளாளர். "இதையே எடுத்திருவம்."

ஏஜெண்ட் சந்தோஷமாக, "நீங்க மதராஸில் சேர்ந்தாலும் சரி, இவிடெ இருந்தாலும் சரி, எங்க சர்வீஸ் உண்டு" என்றார். எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகா எந்த மாநிலத்தின் பக்கம் போகும் என்று தெரியாத மாதங்கள் அவை. தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று எங்களில் பெரும்பாலோர் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வியாபாரிகள் இரண்டுக்கும் தயாராக இருந்தார்கள்.

நான் வாயெடுப்பதா வேண்டாமா என்று தவித்தேன். நடந்து ஊதிப் பார்க்கச் சொன்னால் அத்தானுக்கு அங்கேயே அவமானம். சொல்லாமல் விட்டால் ஈஸ்டர் அன்று எல்லார் முன்னிலும் அவமானம். அத்தோடு பேஸும் கைவிட்டுப் போகும். பக்கத்துச் சபை ஒன்று இப்படித்தான் உட்கார்ந்து ஊதிப் பார்த்து ஒரு பேஸ் வாங்கியது. ஊர்வலத்தில் அதைத் தூக்க ஆளில்லாமல், பேஸும் ஊதுகிறவரும் மாட்டு வண்டியில் போனார்கள். வண்டிக்காரர் மாட்டை ஒவ்வொரு முறை அதட்டும்போதும் தாளம் மாறியது. இது எல்லாருக்கும் தெரிந்த கதை. தெரிந்தும், ஒரு புதுப் பொருளைப் பெஞ்சில் வைத்துப் பார்க்கும்போது கால் நினைவுக்கு வருவதில்லை.

சொன்னது அத்தான்தான். "நடந்து பாக்காண்டாமா?"

"என்னத்துக்கு?"

"மாட்டு வண்டி வாடகை மிச்சம் ஆவுமே."

பொருளாளர் சிரித்துவிட்டார். அத்தான் பெரியதைத் தோளில் சாய்த்துக்கொண்டு ரோட்டில் இறங்கினார். நான் கார்னெட்டோடு முன்னால் போனேன். ஊர்வலத்தில் எப்போதும் வாசிக்கும் ஈஸ்டர் கீர்த்தனையை எடுத்தோம். பாறசாலைப் பக்கமாக, ரோட்டோரம், ஊர்வல நடையில்.

எங்களுக்குத் தோன்றாமல் போன ஒன்று உண்டு. ஊர்வலத்துக்கு அனுமதிச் சீட்டு கேட்கிற காலத்தில், முக்கில், பட்டப்பகலில், பேண்டு வாசித்துக்கொண்டு போகிறோம். தையல் கடையிலிருந்து இரண்டு பேர் இறங்கிப் பின்னால் நடந்தார்கள். டீக்கடையிலிருந்து நாலைந்து பேர் வந்தார்கள். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒருவர் நம் பக்கத்துக் கோஷத்தைப் போட்டார். எதிரே சைக்கிளில் வந்தவர் ஒரு காலை ஊன்றி நின்று, ஐக்கிய கேரளத்துக்கு ஒரு கோஷம் போட்டார். இரண்டுக்கும் பொதுவாக அத்தானின் பேஸ் 'பூம்' என்றது.

நான் பின்னால் வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நடந்தேன். முதல் சரணம் முழுசாக வந்தது. இரண்டாவதில் அடிகள் மெலிந்தன. பிறகு ஒன்று விட்டு ஒன்று வந்தன. பிறகு ஒன்றுமே வரவில்லை. நான் திரும்பிப் பார்த்த அதே நேரத்தில் ஒரு போலீஸ்காரர் குறுக்கே வந்து கையை நீட்டி நின்றார்.

"எந்தா இது? ஜாதயாணோ? பெர்மிட் உண்டோ?"

பொருளாளர் ஓடிவந்தார். ஊர்வலமில்லை, வியாபாரம் என்று மலையாளத்தில் விளக்கினார். "ஜாதயல்ல சாரே. இது வாங்ஙான் நோக்குகயா."

"வாங்ஙான் எந்தினா ரோட்டில் நடக்குந்நது?"

"நடந்நு நோக்காதெ எங்ஙனெ வாங்ஙும்?" என்றார் பொருளாளர், நடந்து பார்க்காமல் எப்படி வாங்குவது என்று.

போலீஸ்காரர் பேஸைப் பார்த்தார். பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். கோஷம் போட்டவர் அதற்குள் பீடி பற்றவைப்பதில் மூழ்கியிருந்தார். "கடயில் இருந்நு ஊதிக்கோ," என்று உத்தரவிட்டார். உட்கார்ந்து ஊதச் சொல்லிவிட்டார். சட்டம் பெரியதன் பக்கம்தான் நின்றது.

கடைக்குத் திரும்பியதும் பொருளாளர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். "நல்லா வந்துட்டு இருந்தது. அந்தாளு வந்து நிறுத்திப்போட்டான். பாதகமில்ல, கேட்ட மட்டும் போதும். இதையே எடுத்திருவம்."

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் அப்போதும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். சும்மா இருந்தால் போதும். அன்றைக்கு மானம் தப்பிவிடும்.

"போலீசு நிறுத்தல்ல," என்றார் அத்தான். "அவரு வாறதுக்கு முந்தியே எனக்கு நின்னு போச்சு."

ஏஜெண்ட் சிறியதன்மேல் இல்லாத தூசியைத் துடைத்தார்.

"பெருச எடுத்தா வேற ஆளப் பாக்கணும்," என்றார் அத்தான். "எடுங்க. நான் பிணங்க மாட்டேன். ஆனா சின்னத ஒரு தடவை நடந்து பாத்துகிட்டு எடுங்க."

பொருளாளர் பெரியதன் வாய் விளிம்பைக் கையால் ஒருமுறை தடவினார். கடற்கரைக் கோயிலின் பேஸ் அவர் கண்ணுக்குள் நின்றிருக்க வேண்டும். "பொறத்த வாற பெண்ணுகளுக்கு இது கேக்குமா?" என்று கேட்டார்.

"அதத்தான் பாக்கணும்."

போர்மாவுக்குப் பின்னால் சரிவு இறங்கினால் ஏலா. நெல் அறுத்துக் கிடந்த வயல்வெளி. அதன் நடுவே வரப்பு, அந்தக் கடைசியில் தோடு என்கிற சிற்றோடை. தோட்டில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். பொருளாளர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அங்கே போய் நின்றார். அத்தான் சிறியதை அணைத்துக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டி நடந்தார். அதே கீர்த்தனை. நான் முன்னால், அவர் பின்னால்.

பெரியதன் சத்தம் நெஞ்சில் இடித்தது. இதன் சத்தம் அப்படியில்லை, தரையோடு ஓடியது. முதல் சரணம் போனது. இரண்டாவது போனது. வரப்பு வளையும் இடத்தில் ஒரு அடி தவறியது. மூச்சு போயிற்று என்று நினைத்தேன். "நண்டு வளை," என்று பின்னாலிருந்து குரல் வந்தது, அடுத்த அடி சரியாக விழுந்தது.

தூரத்தில் பொருளாளர் கத்தினார்: "கேக்குதா?"

அவர் கேட்டது தோட்டிலிருந்த பெண்களிடம். அவர்களில் ஒருத்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்ன பதில் எங்களுக்கே கேட்டது. "கேக்குது. நீரு விளிக்கியதாக்கும் அதவிட நல்லாக் கேக்குது. கொஞ்சம் வாய அடையும், நான் பாட்டுப் பிடிக்கியேன்."

அவள் பாடத் தொடங்கினாள். துவைகல்லில் துணி அடிக்கும் சத்தமும் அத்தானின் அடியும் ஒன்றாக விழுந்தன. மற்ற இரண்டு பெண்களும் சேர்ந்தார்கள். மூன்றாம் சரணம் முடியும்போது நாங்கள் ஏலாவின் இந்தக் கரைக்கு வந்துவிட்டோம். அவர்களும் அந்தக் கரையில் அதே சொல்லில் முடித்தார்கள்.

பொருளாளர் சேற்றுக் காலோடு திரும்பி வந்தார். ஏஜெண்டிடம் பெரியதைக் காட்டி, "இத வண்டியில ஏத்தும்" என்றார். பிறகு அத்தானிடம், "கடப்புறத்துக்காரன் களியாக்கிச் சிரிச்சா நீதான் பதில் சொல்லணும்."

"சொல்லுகேன். நம்மளது நடக்கும்."

அக்கா வாசலில் நின்றிருந்தாள். சிறியது அத்தான் தோளில் வருவதைக் கண்டதும் போர்மாவுக்குள் போய் இரண்டு சூடான ரொட்டிகளை எடுத்துவந்து ஏஜெண்டுக்கும் பொருளாளருக்கும் கொடுத்தாள். எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த ஈஸ்டருக்கு அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் புறப்பட்டோம். விடியலில் கல்லறைத் தோட்டம் போய், பெரிய ரோடு வழியாகத் திரும்பினோம். கோயில் வாசலில் முன்பக்கமும் பின்பக்கமும் கடைசிச் சரணத்தின் கடைசி வரியில் சேர்ந்து நின்றன. உபதேசியார் உடனே ஜெபம் தொடங்கினார். பேஸை வேறு ஆளுக்குக் கொடுக்கும் பேச்சு அதோடு அடங்கியது. தாலுகா நாங்கள் கேட்ட பக்கம் சேரவில்லை, கேரளத்திலேயே நின்றது. அத்தான் அதற்குப் பிறகும் பல ஈஸ்டர்களுக்கு அதே பேஸை ஊதினார். எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சபைகளும் அவரைக் கூப்பிட்டன.

ஒன்று மட்டும் சரிபார்க்கப்படாமல் நிற்கிறது. அந்த முதல் ஊர்வலத்தில் அத்தான் வழி முழுக்க நிற்காமல் ஊதினார் என்று அக்கா சொன்னாள். அவள் அவருக்கு நேர் பின்னால் நடந்தவள். கல்லறைத் தோட்டம் தாண்டி ஏற்றத்தில் கொஞ்ச தூரம் பேஸ் கேட்கவில்லை, பெண்கள் தாமாகவே கால் வைத்து வந்தார்கள் என்று பொருளாளர் சொன்னார். அத்தானிடம் கேட்டபோது, "பாட்டு முறிஞ்சுதா? இல்லியே" என்று மட்டும் சொன்னார். நான் முன்னால் கார்னெட்டோடு நடந்துகொண்டிருந்தேன், எனக்குக் கேட்கவில்லை. இருவரில் யார் சொன்னது சரி என்பதை இதுவரை உறுதி செய்ய முடியவில்லை.