நிழலுக்குள் போகும் பெட்டி

எழுபதுகளின் பிற்பகுதியில் அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். சிறிய செயற்கைக்கோள் ஒன்றுக்குள் வைக்க ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தோம். இன்றைக்கு அதைக் கம்ப்யூட்டர் என்று சொல்லிவிடுவார்கள். செயற்கைக்கோள் பூமியின் நிழலுக்குள் போனால் சூரிய மின்சாரம் நின்றுவிடும். பேட்டரியோ மிகச் சிறியது. பெட்டி ஒவ்வொரு சுற்றிலும் அணைந்து, வெளிச்சத்துக்கு வந்ததும் விழித்து, இது எத்தனையாவது சுற்று என்பதை மறக்காமல் வேலையைத் தொடர வேண்டும். அந்த எண்ணை நினைவில் வைக்கும் மின்சுற்று அட்டை என் பொறுப்பு. மாடிப்படி, பஸ் நிறுத்தம், தட்டில் விழும் இட்லி வரை எண்ணுகிறவன் என்பதால் எனக்குப் பொருத்தமான வேலைதான் என்றார்கள்.

கூட வேலை செய்தவர் மயிலாப்பூர்க்காரர். பெட்டியோடு மேலே போகும் ஆய்வுக் கருவி எடுக்கும் அளவுகளைச் சேர்த்துவைத்து, செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் வரும்போது கீழே அனுப்பும் அட்டை அவருடையது. அது இல்லாவிட்டால் தலைக்கு மேல் கடக்கிற சில நிமிடங்களின் அளவு மட்டுமே கிடைக்கும். இரண்டு வருஷமாக அவர் வேறெதையும் தொடவில்லை.

பெட்டியைச் சோதிக்கும் முறை எளிது. ஓடும்போது பிளக்கைப் பிடுங்குவோம், மறுபடி சொருகுவோம். எண் மாறாமல் இருக்கும்.

"இன்னும் எத்தனை தரம் ஓய் பிடுங்குவீர்? சாக்கெட் கையோட வந்துடப்போறது" என்பார்.

எனக்கு நிம்மதி இல்லை. பிளக்கைப் பிடுங்கினால் மின்சாரம் சட்டென்று போகிறது. வானத்தில் பேட்டரி மெல்ல இறங்கும். எங்கள் கூடத்திலோ ஸ்டெபிலைசர், வோல்டேஜை இறங்கவே விடாது. மெல்ல இறக்கிப் பார்க்கும் கருவி வேறு பிரிவில் இருந்தது. எழுதிக் கேட்டுக் காத்திருக்க வேண்டும்.

மேற்கு மாம்பலத்தில் என் வீட்டுக்கு அடுத்தது மாவு மில். அது ஓட ஆரம்பித்தால் வோல்டேஜ் இறங்கி எங்கள் பல்பு சிவந்துவிடும். ஒரு சனிக்கிழமை அனுமதி வாங்கிப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மயிலாப்பூர்க்காரரும் வந்தார். மில்லை ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டிக் காட்ட முடியுமா என்று மில்காரரைக் கேட்டேன்.

"இன்னா சார், தெருவே மில்லை நிறுத்துன்னு சண்டைக்கு வருது. நீ போடச் சொல்றே!" என்று சிரித்துக்கொண்டே போட்டார்.

பல்பு சிவந்தது. பெட்டி முழுதாக அணையவும் இல்லை, முழுதாக ஓடவும் இல்லை. மில் நின்ற பிறகு பார்த்தால், பதினேழு இருக்க வேண்டிய இடத்தில் எண்பத்தொன்று. அரை உயிரில் கிடந்த பெட்டி தன் நினைவைத் தானே கெடுத்திருந்தது.

என்ன செய்ய வேண்டும் என்று இருவருக்கும் உடனே தெரிந்தது. வோல்டேஜைக் கவனிக்க ஓர் அட்டை வேண்டும். குறைந்தால் அது நினைவைப் பூட்ட வேண்டும், நன்றாக ஏறிய பிறகே திறக்க வேண்டும். ஆனால் பெட்டியில் ஐந்து அட்டைகளுக்குத்தான் இடம். ஐந்தும் நிரம்பியிருந்தன. பெட்டியைப் பெரிதாக்க ஒப்பமாட்டார்கள்.

"எண்ணறதுதானே உம்ம வேலை? இன்னொரு தரம் எண்ணிப் பாரும்" என்றார்.

எண்ணினேன். ஐந்துதான்.

"உம்மோடதை எடுத்துட்டா?"

"கருவியை எப்போ போடறதுன்னே தெரியாம போயிடும் சார்."

"மத்த மூணு?"

"அது இல்லேன்னா பெட்டி எழுந்திருக்கவே எழுந்திருக்காது."

"அப்போ என்னோடதுதான். ஆத்துல வேற பெருமையா சொல்லிண்டிருந்தேன்."

திங்கட்கிழமை அவருடைய அட்டையை எடுக்கக் கை நீட்டினேன். "கையை எடும்" என்று சொல்லிவிட்டு, தானே உருவினார்.

செயற்கைக்கோள் மேலே போனது. நிழலுக்குள் போய்ப் போய் வந்தும் எண் ஒருமுறைகூடத் தவறவில்லை. அளவுகள் வந்து சேர்ந்த தாளில் சில நிமிடங்களுக்குக் கோடு ஓடியது. பிறகு அடுத்த முறை தலைக்கு மேல் வரும்வரை வெற்றிடம். அவர் அந்த வெற்றிடத்தில் விரலை வைத்தார்.

"இங்கே என்ன பார்த்துண்டிருந்ததோ" என்றார்.